வெண்ணெய், சுண்ணாம்பு

சித்தையா ரோட்டு பெயின்ட் கடையில்
முப்பத்தொரு வருஷமாக வண்ணம் கலப்பவன் நான்.
கம்ப்யூட்டர் மெஷின் வந்த பிறகும்
"லூர்துராஜ், ஒரு தடவை பார்த்துடு" என்பார் முதலாளி.
குச்சியால் தொட்டு நகத்தில் தடவி
வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோவேன்.
கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்ப்பவன்
என்று பெயர் எனக்கு.

போன மழைக்கு முன்னால்
ஃப்ரேசர் டவுன் நசீமா டீச்சர் டப்பாவோடு வந்தார்.
"வெள்ளை கேட்டேன். இது என்ன, மோர்க்குழம்பா?"
நகத்தில் தடவினேன். வாசலுக்குப் போனேன்.
பால் மாதிரி இருந்தது.
"கண்ணை டெஸ்ட் பண்ணிக்குங்க மேடம்" என்றேன்.
கடையே சிரித்தது.
அவர் டப்பாவின் மூடியை
உள்ளங்கையால் நிதானமாக அழுத்தி மூடிக்கொண்டு
படியிறங்கிப் போனார்.

அந்தச் சமயம் எனக்கு ஊர்மேலேயே கோபம்.
பஸ் நம்பரை ஏன் இவ்வளவு சின்னதாக எழுதுகிறான்.
ராத்திரியில் ஒவ்வொரு ஹெட்லைட்டுக்கும்
ஏன் முள் முளைக்கிறது.
வேட்டிக்கு ஏன் ரெஜினா நீலம் போடுவதில்லை.
மெடிக்கல் ஷாப்பில் ஏதோ சொட்டு மருந்து வாங்கி
நானே விட்டுக்கொண்டேன், இரண்டு வருஷம்.
மூக்குக்கண்ணாடியை மூன்று தடவை மாற்றினேன்.
மாற்ற வேண்டியது உள்ளே இருந்தது.

"ரெண்டு கண்ணுலயும் புரை. வலது நல்லா பழுத்திருக்கு"
என்றார் டாக்டர் சுமங்கலா.
சொட்டு மருந்தின் பெயரை ஒரு முறைதான் படித்தார்.
"இதுல ஸ்டீராய்டு இருக்கு, யார் எழுதிக் கொடுத்தது?"
பதில் வருமுன் குப்பைக்கூடையில் விழுந்தது.
சர்க்கரை இருநூற்று நாற்பது.
வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி? இல்லை.
பீடி? உண்டு.
"வயசானா புரை வரத்தான் செய்யும்.
நீங்க அதுக்கு ஆட்டோ பிடிச்சு அனுப்பியிருக்கீங்க."

சர்க்கரை இறங்க ஆறு வாரம்.
அல்சூர் ஏரியை விடியற்காலையில் சுற்றினேன்.
ஏரி எனக்கு
யாரோ ஊதிவிட்ட கண்ணாடி போலத் தெரிந்தது.

ஆபரேஷன் கால் மணிநேரம்.
ஒரு விளக்கு தண்ணீரில் கரைந்தது.
யாரோ கன்னடத்தில் மதியச் சாப்பாடு பற்றிப் பேசினார்கள்.
மறுநாள் கட்டை எடுத்ததும்
"உங்க கோட்டு நீலமா?" என்றேன் நர்ஸிடம்.
"வெள்ளை அங்கிள்" என்றாள்.

வீட்டில்
ஒரு கண்ணை மூடி ஒரு கண்ணைத் திறந்து பார்க்கிறேன்.
பாரபட்சம் பார்ப்பவனைத் திட்டச் சொன்ன சொல்
என் முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது:
இடது கண்ணில் வெண்ணெய்,
வலது கண்ணில் சுண்ணாம்பு.
கொடியில் வேட்டி
பளீரென்று தொங்குகிறது.
நீலம் போட்டுத்தான் துவைத்திருக்கிறாள், இத்தனை நாளும்.
எத்தனை முறை திட்டியிருப்பேன்.
ஒருநாள்கூட நீலப்பொட்டலத்தைக் கொண்டுவந்து
என் முன்னால் வைக்கவில்லை.

குனியாதே, தலைக்குக் குளிக்காதே,
கண்ணைக் கசக்காதே.
நான்கு வாரம் கழித்து
கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு
ஃப்ரேசர் டவுன் போனேன்.

டீச்சர் கதவைத் திறந்து
அடையாளம் தெரிந்தும் தெரியாதவர்போல நின்றார்.
"சுவரைப் பார்க்கணும்" என்றேன்.

கூடத்தில் மூன்று சுவர் வெள்ளை.
நான்காவது, நான் கலந்தது,
அதன் முன்னால் பீரோவை நகர்த்தியிருந்தார்கள்.
பீரோ மறைத்தது போக
இரண்டு பக்கமும் மிச்சம்.
வலது கண்ணால் பார்த்தேன்:
மோர்க்குழம்பேதான். தாளிக்காதது ஒன்றுதான் குறை.
இடது கண்ணால் பார்த்தேன்:
நான்கு சுவரும் ஒரே வெள்ளை.
இந்த ஊரில் இன்னும் என் பக்கம் பேசும்
ஒரே சாட்சி.

"வியாழக்கிழமை இதுக்கும் ஆபரேஷன்" என்றேன்.

டீச்சர் டீ கொண்டுவந்தார்.
சர்க்கரை வேண்டாம் என்றதற்கு
"போடல, சுவர் நாலு மணிக்கு அழகாத்தான் இருக்கு" என்றார்.

டேப்பை எடுத்து
பீரோவை யாரிடம் சொல்லி நகர்த்துவது என்று யோசித்தேன்.
கனம் தூக்கக் கூடாது எனக்கு.
அளவை நின்றபடியே எழுதிக்கொண்டேன்:
பதினொன்றுக்கு ஒன்பதரை.